கிறிஸ்துமஸ் வேலியில் பறித்த தேநீர்

1. ஆல்டரில் இருந்த கிளை

ஐம்பது பேருக்கு மேல் குடித்து முடித்த பிறகுதான் அந்தக் கிளையை நான் பார்த்தேன்.

கொடைக்கானலில் ஒரு பழைய மிஷன் சர்ச். ஞாயிற்றுக்கிழமை, அறுப்பின் பண்டிகை. பூண்டியிலிருந்து வந்த பூண்டு மூட்டைகள், கேரட், முட்டைக்கோஸ், யார் வீட்டிலோ காய்த்த ஒரு மிகப் பெரிய பூசணி எல்லாம் ஆல்டருக்கு முன்னால் குவிந்திருந்தன. ஆராதனை முடிந்ததும் ஜனங்கள் பக்கத்து ஹாலுக்கு வந்து, என் மேற்பார்வையில் காய்ச்சிய பானத்தைக் குடித்துவிட்டு, ஏலத்துக்காக நாற்காலிகளில் உட்கார ஆரம்பித்தார்கள். என் வேலை முடிந்தது. அந்தத் திருப்தியில், அலங்காரத்தைப் பார்க்கலாமே என்று காலியாக இருந்த சர்ச்சுக்குள் போனேன். முப்பத்து நான்கு வருடம் டீ ஃபேக்டரிகளில் வேலை பார்த்தவன் நான். திருப்தியோடு ஒரு கதவைத் திறந்தால் உள்ளே ஒரு மெஷின் நின்றுபோயிருக்கும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அலங்காரத்துக்கான பச்சைக் கிளைகளை, நாங்கள் இலை பறித்த அதே வேலியிலிருந்துதான் வெட்டி வந்திருந்தார்கள். ஒரு ஜாடியில் இருந்த கிளைகளில் இலைகள் மாறி மாறி இருந்தன. ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது சற்று மேலே அந்தப் பக்கம். சரி. பக்கத்து ஜாடியில் இலைகள் ஜோடி ஜோடியாக, நேருக்கு நேர் நின்றன. ஓர் இலையைக் கிள்ளிக் கண்ணருகே பிடித்தேன். விளிம்பில் ரம்பம் போன்ற பல் இல்லை. நகத்தால் தடவினால் வழுக்கிக்கொண்டு போனது.

அது வேறு செடி. பிரிவெட் என்பார்கள். வேலிக்கு நல்லது, வயிற்றுக்கு ஆகாது. இலையோ பழமோ உள்ளே போனால் வாந்தி, வயிற்றுப்போக்கு. அளவு கூடினால் அதற்கு மேலும் போகும்.

வாசலில் நின்ற பெண்ணிடம் கேட்டேன். "இந்தக் கிளை எங்கம்மா வெட்டுனது?"

"ரெஜினாக்கா வீட்டு வேலியிலதான் சார். ஏன், நல்லாருக்கில்ல?"

நன்றாகத்தான் இருந்தது. அங்கிருந்த முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நான் அந்த சர்ச்சில் முன்வரிசையில் உட்கார்ந்தது அது ஒரே தடவை.

2. புளிக்காத இலை

எதையாவது தயாரித்து மற்றவர் வாயில் ஊற்றும் தொழிலுக்கு வருகிற இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆகவே நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

ரெஜினா பதினெட்டு வருடம் ஒரு பள்ளி ஹாஸ்டலின் மெஸ்ஸை நடத்தியவர். இப்போது சர்ச்சுக்குச் சொந்தமான ஒரு பழைய பங்களாவைப் பார்த்துக்கொள்கிறார். இரண்டு அறைகளில் விருந்தினர் தங்குவார்கள். பங்களாவின் மேற்கிலும் கிழக்கிலும் நீளமாக இடுப்புயர வேலி. டிசம்பரில் சிவப்பாகப் பழுக்கும். பண்டிகை அலங்காரத்துக்கு வெட்டுவதால் ஊரில் அதற்குக் கிறிஸ்துமஸ் வேலி என்று பெயர். முன்பு அங்கே குடியிருந்த ஓர் அமெரிக்க மிஷனரி குடும்பம் தங்கள் ஊர் ஞாபகமாக வைத்தது. அந்தக் குடும்பத்தின் பேத்தி சுற்றிப் பார்க்க வந்தபோது வேலியைத் தடவிப் பார்த்து, இது தங்கள் ஊர்க் காட்டுச்செடி, பெயர் யோப்பான், கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு வைக்கும் ஹாலியின் இனம், இலையில் காஃபின் உண்டு, அந்த மண்ணின் பூர்வகுடிகள் காலங்காலமாக இதைத்தான் காய்ச்சிக் குடித்தார்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் வெள்ளனே ரெஜினா ஒரு கிளையோடு என் வீட்டு வாசலில் நின்றார்.

"சார், இது டீங்கறாங்க."

"டீங்கறது ஒரே செடிதாம்மா. மத்ததெல்லாம் கஷாயம்."

"சரி, கஷாயம்னே வச்சுக்கங்க. எப்படிச் செய்யணும், அதைச் சொல்லுங்க."

அவருக்கு அவசரம் இருந்தது. சர்ச் கமிட்டி அந்த வேலியைப் பிடுங்கிவிட்டு, சுவர் எழுப்பி, கார் நிறுத்த இடம் போட நினைத்தது. கமிட்டியின் செக்ரட்டரி சாமுவேல் முடிவாகவே பேசினார். "வேலி என்னத்தைத் தருது? ஒரு மாசம் பழம், பதினோரு மாசம் குப்பை." வேலியும் ஏதோ தருகிறது என்று காட்டினால் கமிட்டி யோசிக்கும். விருந்தினர் வராத மாதங்களில் ரெஜினாவுக்கும் ஒரு சோலி இருக்கும். அறுப்பின் பண்டிகை அன்று எல்லோருக்கும் காய்ச்சிக் கொடுப்பது, அடுத்த கூட்டத்தில் வேலியைப் பற்றி முடிவெடுப்பது என்று பேச்சு. இந்த இலையை விற்க முறைப்படி அனுமதி வாங்க வேண்டும், அதற்கு எத்தனை படிவம், எந்தெந்தப் பரிசோதனை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அது வரைக்கும் விற்பனை கிடையாது, சும்மாதான் கொடுக்கலாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சும்மா கொடுத்தால் வயிறு கெடாது என்று எந்தப் படிவத்திலும் இல்லை. அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

முதலில் செடியை உறுதி செய்ய வேண்டும். மேற்கு ஓரத்தில் ஒரு கிளை வெட்டி, காகிதத்தில் அழுத்தி, எனக்குத் தெரிந்த ஒரு தாவரவியல் பேராசிரியருக்கு அனுப்பினேன். யோப்பான்தான் என்று பதில் வந்தது. அத்தனை நீள வேலிக்கு ஒரே ஒரு கிளை. லாரி இலைக்கு மேலாக ஒரு பிடி எடுத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட சூப்பர்வைசர்களை வேலையை விட்டு அனுப்பியிருக்கிறேன். எனக்கு மேலே அப்படி யாரும் இல்லாததால் நான் தப்பித்தேன்.

அடுத்தது தயாரிப்பு. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வலையில் பரப்பி இலையை வாட்டினேன். கையால் உருட்டிக் கசக்கினேன். ஈரத்துணியால் மூடி ஃபெர்மென்டேஷனுக்கு விட்டேன். தேயிலையாக இருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் செம்பு நிறம் வரும், ஆப்பிள் வெட்டியது போல மணம் வரும். இது பச்சையாகவே கிடந்தது. நான்கு மணி நேரம் பார்த்தேன். ஈர வைக்கோல் வாசம்தான் வந்தது. விடாமல் காயவைத்து, கப் டெஸ்ட் செட்டை எடுத்து, அளந்து போட்டு, ஆறு நிமிடம் ஊறவைத்து, என் மனைவியிடம் நீட்டினேன். அவள் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மார்க் போடத் தயங்க மாட்டாள்.

"மாட்டுக்கு ஊத்துங்க. அது ஒண்ணும் சொல்லாது."

ரெஜினா இரண்டு நாள் பொறுமையாக இருந்தார். மூன்றாம் நாள், மிச்சமிருந்த இலையை வாங்கிக்கொண்டு போய், மெஸ்ஸில் நிலக்கடலை வறுத்த பழைய இரும்புச் சட்டியில் போட்டு வறுத்துவிட்டார். வாட்டவில்லை, உருட்டவில்லை, ஒன்றும் செய்யவில்லை. இலை முழுசு முழுசாக, பழுப்பு நிறத்தில், வறுத்த கோதுமை மணத்தோடு வந்தது. காய்ச்சினால் தேன் நிறம். கால் மணி நேரம் கொதிக்கவிட்டாலும் துவர்ப்பு ஏறவில்லை. டீயில் அது நடக்காது.

"எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று கேட்டேன்.

"தெரியலை சார். பச்சையா இருக்கறதை வறுத்தா நல்லாருக்கும், அம்புட்டுதான்."

முப்பத்து நான்கு வருட அனுபவத்தை எடுத்து ஓரமாக வைத்தேன். முழுவதும் வைக்கவில்லை. அதுதான் பிறகு வந்த தொல்லை.

3. குச்சி வரக்கூடாது

வறுப்பது ரெஜினாவின் கைக்குப் போய்விட்டதால் பறிப்பை நான் எடுத்துக்கொண்டேன். பறிக்க வந்தவர் பார்வதி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சிறு வயதில் குடும்பத்தோடு இங்கே வந்தவர். இப்போது பூண்டிப் பக்கம் கேரட் வயல்களில் கூலி வேலை. தன்னோடு இன்னும் இரண்டு பெண்களை அழைத்து வந்தார். வேலியைப் பார்த்த உடனேயே, "நிரை பிரிச்சுக் குடுங்க தொர" என்றார். நிரை என்றால் பறிப்பவருக்கு ஒதுக்கும் வரிசை, தொரை என்றால் தோட்ட மேலாளர். எனக்கு உள்ளே குளிர்ந்துபோனது. என்னை யாரும் தொரை என்று கூப்பிட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

நான் ஒரு தாளில் சட்டம் எழுதி வந்திருந்தேன். முதல் விதி: இலை மட்டும். குச்சி வரக்கூடாது. டீ ஃபேக்டரியில் குச்சி என்பது குற்றம். குச்சி கலந்தால் கிரேடு இறங்கும், ஏலத்தில் தரகர் மூக்கைச் சுளிப்பார். ஆகவே ஒவ்வொரு கூடையையும் கவிழ்த்து, குச்சி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பிறகு எடை போட்டேன். மூன்றாவது விதி, நான்காவது விதி எல்லாவற்றையும் பார்த்தேன். வேலியின் நீளத்துக்கு இவ்வளவு இலை வர வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். அதில் ஏறத்தாழ கால்வாசி குறைந்தது.

"பார்வதி, இவ்வளவு நீள வேலிக்கு இதான் எடையா? பேசிக்கிட்டே பறிச்சா இப்படித்தான்."

"வேலி நீளந்தான் தொர. கொழுந்து இம்புட்டுத்தான்."

"கை ஓடலைன்னு சொல்லு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மற்ற இரண்டு பெண்களையும் பார்த்தார். அவர்கள் சிரித்தார்கள். "தொர அந்தக் காலத்துத் தொர மாதிரியே ஏசுறாரு. காது குளுந்துபோச்சு" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். யோப்பானையும் பிரிவெட்டையும் பிரித்தறியச் சுலபமான அடையாளம் குச்சியில்தான் இருக்கிறது. இலை மாறி மாறி நின்றால் யோப்பான், ஜோடியாக நின்றால் பிரிவெட். எட்டடி தூரத்திலிருந்தே தெரியும். குச்சியை எடுத்துவிட்டால், ஒவ்வொரு இலையாகக் கண்ணருகே பிடித்து விளிம்பில் பல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கலப்படத்தைக் காட்டிக்கொடுக்கிற ஒரே சாட்சி கூடைக்குள் வரக்கூடாது என்று விதி போட்டு, அது வரவில்லை என்று கவிழ்த்துப் பார்த்து, திருப்தி அடைந்தவன் நான்.

4. வாந்திப் பெயர்

பண்டிகைக்கு மூன்று நாள் முன்னால் செக்ரட்டரி சாமுவேல் போன் செய்தார்.

"சார், நெட்ல பாத்தேன். அந்தச் செடியோட சயன்டிஃபிக் நேம்லயே வாமிட்னு வருதே! நீங்க பாக்கலையா?"

பார்த்திருந்தேன். அந்தக் காலத்தில் ஐரோப்பியர் யாரோ, பூர்வகுடிகள் ஒரு சடங்கில் இதைக் குடம் குடமாகக் குடித்து வாந்தி எடுப்பதைக் கண்டு, செடியின் மேல் பழியைப் போட்டுப் பெயர் வைத்துவிட்டார். குடம் குடமாகக் குடித்தால் வெந்நீர்கூட வெளியே வரும். இலைக்கு அந்தக் குணம் கிடையாது. பழத்தைத்தான் தின்னக் கூடாது. இதையெல்லாம் இருபது நிமிடம் சாமுவேலுக்கு விளக்கினேன்.

"அப்ப யாரும் வாந்தி எடுக்க மாட்டாங்க?"

"ஒருத்தர்கூட எடுக்க மாட்டாங்க. நான் பொறுப்பு."

இந்தக் கடைசி வாக்கியத்தை, வேலையில் இருந்த காலத்தில் எந்தக் கடிதத்திலும் நான் எழுதியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு நாக்குக்குக் காவல் இல்லை.

5. மைக்

இனி ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பலாம். முன்வரிசைப் பெஞ்சிலிருந்து எழுந்து ஹாலின் சமையலறைக்குப் போனேன். ரெஜினா டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"சார், சாமுவேல் அண்ணன் ரெண்டாவது கப் கேட்டு வாங்கிக் குடிச்சாரு! நம்புவீங்களா?"

கிளையைக் காட்டினேன். ஜோடி இலைகளைக் காட்டினேன். என்ன செடி, என்ன செய்யும் என்று சொன்னேன். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"எம்புட்டுக் கலந்திருக்கும்?"

"தெரியாது. கலந்ததான்னே தெரியாது. மொதல்ல கன்ஃபர்ம் பண்ணணும். மிச்சம் இருக்கற டீயை நிறுத்து. சாம்பிள் எடுத்து வச்சிருக்கேன். இலையைப் பாத்துட்டு, அப்புறமா சொல்றதுதான் முறை."

"குடிச்ச வயிறு உங்க முறைக்காகக் காத்துக் கெடக்குமா சார்?"

புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்குள் போய்விட்டார். அங்கே பூசணிக்காய் ஏலம் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. சாமுவேலின் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"எல்லாரும் ஒரு நிமிஷம். இப்ப நீங்க குடிச்ச டீயில வேற ஒரு செடியோட எலை கலந்திருக்கலாம். கலந்துச்சா, இல்லையான்னு இன்னும் தெரியல. கலந்திருந்தா வயித்தைப் பெரட்டும். யாருக்கு என்ன பண்ணுனாலும் மறைக்காமச் சொல்லுங்க. யாரும் வீட்டுக்குப் போயிறாதீங்க. செஞ்சது நான்தான்."

வேலி போயிற்று என்பது அவருக்குத் தெரியும். பங்களாவே கையைவிட்டுப் போகலாம். என் கால் தானாக நடந்து அவர் பக்கத்தில் போய் நின்றது. "பறிக்கச் சொன்னது நான்" என்றேன். மைக் அவர் கையில் இருந்ததால் முதல் இரண்டு வரிசைக்குத்தான் கேட்டிருக்கும்.

அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"எனக்கு அப்பவே ஒரு மாதிரிதான் இருந்துச்சு."

"உனக்கு காலையிலருந்தே ஒரு மாதிரிதான். நாலு வடை தின்னா?"

"ஏலே, தண்ணியக் குடி, தண்ணியக் குடி."

சாமுவேல் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டாவது கப் ஞாபகம் வந்திருக்கும். என்னைப் பார்த்த பார்வையில் அந்த இருபது நிமிட விளக்கம் முழுவதும் இருந்தது. கூட்டத்தில் ஒரு நர்ஸ் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அவர் எழுந்து, யாரும் விரலை விட்டு வாந்தி எடுக்க வேண்டாம் என்றார். குழந்தைகளுக்கு யாராவது கொடுத்தீர்களா என்று கேட்டார். குழந்தைகளுக்கு முதலிலேயே ரஸ்னாதான். அந்த ஒரு விதியை நான் சரியாகப் போட்டிருந்தேன். "அப்ப எல்லாரும் உக்காருங்க. ரெண்டு மணி நேரம் பாப்போம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லி வைக்கிறேன்" என்றார் நர்ஸ்.

6. பல் பார்த்தவர்கள்

வேறு வழியில்லாத நேரத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்யும். டீ டேஸ்டர்கள் கப்பை மட்டும் பார்ப்பதில்லை. ஊறி முடிந்த இலையைத் தட்டில் கொட்டி விரித்துப் பார்ப்பார்கள். வெந்நீரில் ஊறிய இலை மறுபடி விரிந்து தன் உருவத்துக்கு வந்துவிடும். நாங்கள் காய்ச்சியது துணியில் பொட்டலம் கட்டி. அந்த ஆறு பொட்டலமும் சமையலறையில் அப்படியே கிடந்தன. அத்தனை பேரும் குடித்தது எதுவோ, அதன் கடைசி இலைவரை அங்கே இருந்தது. சாம்பிள் தேவையே இல்லை. முழுவதையும் பார்க்கலாம். நான் சொன்னபடி உருட்டிக் கசக்கியிருந்தால் பார்க்க முடியாமல் போயிருக்கும். ரெஜினா முழு இலையாக வறுத்ததால் இலை இலையாகவே இருந்தது.

பொட்டலங்களை அவிழ்த்து, சாப்பாட்டுத் தட்டுகளில் பரப்பினேன். ஹாலுக்கு வந்து, "கண்ணாடி போட்டவங்க எல்லாரும் கொஞ்சம் வாங்க" என்றேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் முக்கால்வாசிப் பேர் எழுந்து வந்தார்கள். இரண்டு பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். விளிம்பில் பல் இருந்தால் வலது பக்கம், பல் இல்லாமல் வழவழப்பாக இருந்தால் இடது பக்கம், கிழிந்து தெரியாமல் போனது நடுவில்.

"அரிசியில கல்லுப் பாக்குற மாதிரிதான சார்?"

"அதேதாம்மா. ஆனா இதுல கல்லு கெடைக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே பாருங்க."

"பல்லு இருக்கு. இருக்கு. இருக்கு. எங்க மாமியாருக்குக்கூட இம்புட்டு இல்ல."

"மாமியாரு பின்னாடிதான் உக்காந்திருக்காங்க. மெதுவாப் பேசு."

ஒரு மணி நேரம் ஆயிற்று. வலது பக்கம் குவிந்துகொண்டே போனது. நடுவில் ஒரு சிறு குவியல். இடது பக்கம் ஒன்றும் இல்லை. ஒரே ஓர் இலை வந்தது, எல்லோரும் எழுந்து பார்த்தோம். அது சமையலறையிலிருந்து ஒட்டி வந்த கறிவேப்பிலை.

எனக்கு நிம்மதி வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. நர்ஸிடம் சொல்லிவிட்டு ரெஜினாவும் நானும் பங்களாவுக்கு ஓடிப் போய் வேலியைப் பார்த்துவிட்டு வந்தோம். கிழக்கு ஓரம் நெடுகிலும் பிரிவெட்தான். வேலியில் கால்வாசி அதுவாக இருக்கும்போது, தட்டில் ஓர் இலைகூட இல்லையென்றால் எங்கேயோ தவறு. பார்க்கத் தெரியாமல் பார்த்தோமா?

திரும்பி வந்தபோது ஹால் வாசலில் பார்வதி நின்றிருந்தார். ஏலத்தில் பூண்டு என்ன போகிறது என்று பார்க்க வந்தவர். உள்ளே நடக்கும் கலவரத்தைக் கேட்டுவிட்டு, என்னிடம் வந்தார்.

"அந்தக் கெழக்கு மூலைச் செடியத்தான சொல்றீங்க? அதுல நாங்க கையே வைக்கலையே தொர."

"என்னது?"

"அது வேற செடி. எலை ரெண்டு ரெண்டா நிக்குது. ஒடிச்சா வாசம் வேற. நமக்கு எதுக்குன்னு விட்டுட்டோம். கூட வந்தவளுகள்ல ஒருத்தி போகப் பாத்தா, நான்தான் இழுத்து இந்தப் பக்கம் விட்டேன்."

"நான் குச்சி வேண்டாம்னு சொன்னேனே, உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கூடைக்குத்தான குச்சி வேணாம்னீங்க? செடியில குச்சி இருக்குமில்ல. பறிக்கிறவ கண்ண மூடிக்கிட்டா பறிப்பா?"

"இதை அன்னைக்கே ஏன் சொல்லல?"

"எங்க கேட்டீங்க? எடை கொறையுது, கை ஓடலைன்னுதான் ஏசுனீங்க."

பக்கத்தில் ரெஜினா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். பிறகு பார்வதியின் கையைப் பிடித்து ஹாலுக்குள் இழுத்துக்கொண்டு போய், மைக்கை அவர் கையில் கொடுத்தார். பார்வதி மைக்கில் பேசியது நான்கே வார்த்தை: "ஒண்ணுங் கலக்கல. பயப்படாம இருங்க." சாமுவேல் வயிற்றிலிருந்து கையை எடுத்தார். பூசணிக்காய் ஏலம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

7. கூக்கால் பஸ்

எல்லோருக்கும் முடிந்தது. எனக்கு முடியவில்லை. ஒரு புகார் எழுந்தால் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரையும் விசாரித்துப் பேருக்கு எதிரே டிக் போட்ட பிறகுதான் ஃபைலை மூட வேண்டும். நடுவில் கிடந்த கிழிந்த இலைகள் வேறு என்னை உறுத்தின. சாயங்காலத்துக்குள் எல்லோரையும் போனில் பிடித்துவிட்டேன். எல்லோரும் நலம். பாக்கி ஒருவர்.

ஞானமுத்து. அந்த மிஷன் பங்களாவில் முன்பு தோட்டக்காரராக இருந்தவர். கூக்கால் கிராமத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். எண்பதை நெருங்கும் வயது. மூன்று கப் குடித்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ரெஜினாவின் அறிவிப்புக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார். போகும்போது ஒரு ஃப்ளாஸ்க் நிறைய வாங்கிக்கொண்டும் போயிருந்தார். போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் மரியாதையாகச் சொன்னாள். பத்து தடவை சொன்னாள்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினேன். கூக்காலுக்குப் பஸ் குறைவு, வளைவு நிறைய. ஒவ்வொரு வளைவிலும் ஒரு ஃப்ளாஸ்க் என் கண் முன்னால் வந்தது. பார்வதி சொன்னது உண்மை என்று தெரியும். தட்டில் பார்த்ததும் உண்மை. ஆனால் வயதான ஒரு மனிதர், விஷயமே தெரியாமல், மற்ற எல்லோரையும்விட அதிகமாகக் குடித்திருக்கிறார். இறங்கி வீட்டைக் கேட்டபோது, "அவரா, தோட்டத்துல கெடக்காரு" என்றான் ஒருவன். அந்த ஒரு சொல்லைக் கேட்டு என் கால் ஓட ஆரம்பித்துவிட்டது. எங்கள் பக்கம் கிடக்கிறார் என்றால் இருக்கிறார் என்றுதான் அர்த்தம். அது எனக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை.

ஞானமுத்து பூண்டு வயலில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், இம்புட்டுத் தூரம்?"

"ஒடம்பு எப்படி இருக்கு?"

"ஒடம்புக்கென்ன?"

"வாந்தி, வயித்துப்போக்கு ஏதாவது?"

"எனக்கா? எதுக்கு?"

"வேற ஏதாவது வித்தியாசமா?"

யோசித்தார். கையில் இருந்த களையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"கேட்டீங்கல்ல, அதனால சொல்றேன். தூக்கம் வரலை. குளுருக்கு எதமா இருக்கேன்னு பொழுது சாயுறப்ப அந்த ஃப்ளாஸ்க்கை முழுசாக் குடிச்சேன். விடிய விடிய முழிச்சுக் கெடந்தேன். சும்மா கெடப்பானேன்னு வெள்ளனே வந்து களை எடுத்தேன். பாருங்க, மூணு பாத்தி முடிஞ்சுபோச்சு. அந்த டீ இன்னும் கெடைக்குமா?"

வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தேன். அந்த இலையில் காஃபின் இருக்கிறதா என்று எந்த லேபுக்கு அனுப்புவது, எவ்வளவு நாளாகும் என்று ஒரு மாதமாக விசாரித்துக்கொண்டிருந்தேன். ரிசல்ட் மூன்று பாத்தியாக என் முன்னால் கிடந்தது.

கிழக்கு மூலைச் செடியைப் பற்றியும் கேட்டேன். அவர் கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை. "அந்தப் பக்கம் வெள்ளைக்காரங்க வச்ச செடி பட்டுப்போச்சு. வெரசா வளர்ற செடியாப் பாத்து நான்தான் வச்சேன். எலையப் பறிச்சுக் குடிப்பீங்கன்னு எனக்கு என்ன ஜோசியமா தெரியும்? எரிக்கிறதுக்குக்கூட அது ஆகாது."

திரும்பும் வழியில், சிக்னல் வந்த முதல் இடத்திலேயே ரெஜினாவுக்குப் போன் செய்தேன். "தூக்கம்தான் வரலையாம். வேற ஒண்ணுமில்ல" என்றேன். அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு, "மொதல் பஸ்ல கெளம்பிட்டீங்களே, சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டார்.

அடுத்த கூட்டத்தில் கமிட்டி முடிவெடுத்தது. கிழக்கு ஓரத்துப் பிரிவெட்டைப் பிடுங்கிவிட்டு அங்கே கார் நிறுத்துவது. மேற்கு வேலி ரெஜினாவுக்கு. முன்மொழிந்தவர் சாமுவேல். மைக்கில் உண்மையைச் சொல்பவரிடம் வேலியை நம்பிக் கொடுக்கலாம் என்று அவர் சொன்னதாக நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது. என்னைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அதற்காகவும் நன்றி சொல்ல வேண்டும்.

என் தாளை வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். விதிகளால் கெடுதல் இல்லை. ஊறிய இலையைத் தட்டில் விரித்துப் பார்க்கும் விதிதான் அன்று எங்களுக்குக் கை கொடுத்தது. ஆனால் ஒரு விதி போடும்போது, அது எதை மறைக்கப் போகிறது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கணக்குக்கு எடை குறைந்தபோது, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஏசினேன். கேட்டிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஐம்பது பேர் நிம்மதியாகப் பூசணிக்காய் ஏலம் பார்த்திருப்பார்கள். குச்சி விதியை அடித்துவிட்டு, முதல் விதியை இப்படி எழுதினேன். இன்றும் அதைத்தான் பின்பற்றுகிறோம். கூடையைக் கவிழ்ப்பதற்கு முன், எடை போடுவதற்கு முன், பறித்தவரிடம் கேட்க வேண்டும்: "எதைப் பறிக்காமல் விட்டீர்கள்?"